மருந்து பிறக்கும் ஊர்: லாலாகுடாவும் பட்டான்செருவும்

செகந்திராபாத்தின் கிழக்கே உள்ள லாலாகுடாவைப் பெரும்பாலோர் ரயில்வேயோடு சேர்த்தே அறிவர். நிஜாம் அரசின் உத்தரவாதம் பெற்ற ரயில்வே நிறுவனம் 1893ஆம் ஆண்டு இங்கே பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனையைத் தொடங்கியது. 1966ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தென்மத்திய ரயில்வே மண்டலம் உருவானது. அம்மண்டலத்தின் மத்திய மருத்துவமனை லாலாகுடாவில்தான் உள்ளது. பணியில் இருப்போர், ஓய்வு பெற்றோர், அவர்தம் குடும்பத்தினர் ஆகியோருக்கு அரசுச் செலவில் மருத்துவம் பார்க்கும் இடம் அது. இத்தகைய பொது மருத்துவமனை ஒன்றை முன்வைத்து எழுப்பத்தக்க கேள்வி ஒன்று உண்டு. ஒரு மருத்துவமனையின் சுற்றுச்சூழல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

மதில் சுவரோடு முடிகிறது என்பது பழைய விடை. குப்பை வண்டியோடும் கழிவுநீர்க் குழாயோடும் முடிகிறது என்பது கடந்த முப்பது ஆண்டுகளில் சட்டம் தந்த விடை. இவ்விரண்டும் போதா என்பதை ஐதராபாத் நகரின் வரலாறே காட்டுகிறது. லாலாகுடாவிலிருந்து மேற்கே முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் பட்டான்செரு உள்ளது. மருந்தின் மூலப்பொருள்கள் பெருமளவில் உற்பத்தியாகும் அந்த ஊரின் ஏரிகளும் ஓடைகளும் கிணறுகளும் நகரின் நோயாளிப் படுக்கைகளோடு பிணைந்தவை. அந்தப் பிணைப்பை முதலில் கண்டு சொன்னவர்கள், அதற்காக வழக்காடியவர்கள், அதை அளந்து காட்டியவர்கள் ஆகியோரின் வரலாறே இங்குப் பேசப்படுகிறது.

மருத்துவ வரலாற்றில் ஐதராபாத்துக்கு நெடிய இடம் உண்டு. 1888, 1889 ஆகிய ஆண்டுகளில் ஆறாம் நிஜாம் மகபூப் அலி கானின் பொருளுதவியோடு இரண்டு குளோரோஃபாம் ஆய்வுக்குழுக்கள் இங்கே கூடின. அறுவை மருத்துவர் எட்வர்ட் லாரி அவற்றை முன்னின்று நடத்தினார். மயக்க மருந்தால் நேரும் இறப்புக்கு மூச்சு நின்றுபோதல் காரணமா, இதயம் நின்றுபோதல் காரணமா என்பதே அன்றைய விவாதம். அக்குழுக்களின் முடிவு பின்னாளில் மறுக்கப்பட்டது. ஆயினும் ஒரு மருந்தின் விளைவைப் பெருமளவில் சோதித்து அறிய முயன்ற தொடக்கநிலை ஆய்வுகளுள் அவற்றுக்கு இடம் உண்டு.

அடுத்தது பலரும் அறிந்த செய்தி. 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், அனாஃபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியின் வளர்நிலையைக் கண்டார். உசேன் கான் என்ற நோயாளியின் இரத்தத்தைக் குடித்த கொசு அது. கடி ஒன்றுக்கு ஓரணா வீதம் அவருக்குக் கொடுக்கப்பட்டதாக வரலாறு கூறும். 1902இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவச் சிந்தனையில் அக்கண்டுபிடிப்பு ஏற்படுத்திய மாற்றமே இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது. நோயாளியின் உடலை மட்டுமே நோக்கியிருந்த மருத்துவரின் கண், தேங்கிய நீரையும் குட்டையையும் நோக்கித் திரும்பியது. நோய்க்கும் நிலத்துக்கும் இடையே ஓர் உயிர் இருக்கிறது. ஆகவே நிலத்தைச் சீர்செய்வதும் மருத்துவமே என்ற எண்ணம் வலுப்பெற்றது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இக்கண் மீண்டும் திசை மாறியது. புதிதாக விடுதலை பெற்ற நாட்டின் முன் நின்ற சிக்கல் மருந்துப் பற்றாக்குறை. இந்தியாவில் மருந்து விலை உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று என அமெரிக்க செனட்டின் கெஃபாவர் குழு குறிப்பிடும் நிலை அன்று இருந்தது. காப்புரிமைச் சட்டத்தை எவ்வாறு திருத்துவது என ஆராய்ந்த நீதிபதி ந. ராஜகோபால ஐயங்கார் 1959இல் தம் அறிக்கையை அளித்தார். சென்னை உயர் நீதிமன்றத்திலும் பின்னர் உச்ச நீதிமன்றத்திலும் பணியாற்றியவர் அவர். அவ்வறிக்கையின் அடிப்படையில் உருவான 1970ஆம் ஆண்டுச் சட்டம் 1972இல் நடைமுறைக்கு வந்தது. அன்று அதன்படி மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இருக்கவில்லை. அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே இருந்தது. வேறொரு முறையில் அதே மருந்தைச் செய்துகொள்ள எவர்க்கும் வழி திறந்தது.

சட்டம் வழி திறந்தது என்றால், அவ்வழியில் நடக்கத் தெரிந்தவர்களை உருவாக்கியது அரசு நிறுவனம். 1961இல் சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு இந்திய மருந்துகள் மற்றும் மருந்துப் பொருள்கள் நிறுவனம் தொடங்கப்பட்டது. ரிஷிகேசத்தில் நுண்ணுயிர்க்கொல்லி ஆலை, சென்னையில் அறுவைக் கருவிகள் ஆலை, ஐதராபாத்தின் பாலாநகரில் செயற்கை மருந்துகள் ஆலை என மூன்று இடங்களில் அது வேரூன்றியது. பாலாநகர் ஆலையில் தொழில் கற்ற வேதியியலாளர்கள் பலர் பின்னாளில் தனியார் நிறுவனங்களை நிறுவினர். பொதுத்துறை ஆலை நலிந்தது. அது பயிற்றுவித்த அறிவு நகரெங்கும் பரவியது. இந்தியாவின் மூலமருந்துத் தலைநகரம் என்று ஐதராபாத் பெயர் பெற்றது இவ்வாறுதான். ஏழை நாடுகளின் நோயாளிகளுக்கு எட்டும் விலையில் மருந்து கிடைத்ததில் இந்நகரின் பங்கு பெரிது. பின்வரும் செய்திகளைப் படிக்கும்போது இவ்வுண்மையை மறத்தல் கூடாது.

மூலமருந்து என்பது மாத்திரையாக்கப்படும் முன் உள்ள வேதிப்பொருள். அதைப் பல படிநிலை வேதிவினைகள் மூலம் உருவாக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கரைப்பான்கள், அமிலங்கள், கழுவுநீர், வினைபுரியாமல் எஞ்சிய பொருள்கள் என வெளியேறுவன பல. கிடைக்கும் மருந்தின் எடையைப் போலப் பல மடங்கு கழிவு சேர்வது இத்தொழிலின் இயல்பு. 1970களிலும் 80களிலும் அன்றைய மேதக் மாவட்டத்தின் பட்டான்செரு, பொல்லாரம் பகுதிகளில் தொழிற்பேட்டைகள் விரிந்தபோது அரசின் கண்ணில் பட்டவை வேலைவாய்ப்பும் பின்தங்கிய மாவட்டத்தின் வளர்ச்சியுமே. 1980இல் இந்திரா காந்தி மேதக் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதும் அப்பகுதியின் தொழில் வளர்ச்சியோடு சேர்த்துப் பேசப்படும் செய்தி. கழிவு எங்கே போகும் என்ற கேள்விக்கு விடையாக இருந்தது, அருகில் ஓடிய நீர்தான்.

ஊர்ப்பெயர் இங்கே ஒரு சான்று. தெலுங்கில் ‘செருவு’ என்றால் ஏரி. பட்டான்செரு என்ற பெயரின் ஈற்றில் உள்ளது அச்சொல்லே எனக் கொள்ளலாம். மேலைச் சாளுக்கியரின் தலைநகராக விளங்கிய பொட்டலகெரெ என்ற ஊர் இதுவே என்று வரலாற்றாசிரியர்கள் அடையாளம் காண்பர். கன்னடத்தில் ‘கெரெ’ என்பதும் ஏரியே. கன்னடத்தில் ககரமாக நிற்பது தெலுங்கிலும் தமிழிலும் சகரமாவது திராவிட மொழியியலில் நன்கறியப்பட்ட ஒலிமாற்றம். கன்னடத்தின் ‘கிவி’ தமிழில் ‘செவி’ ஆவது போன்றது அது. மொழி மாறியபோதும் ஊர்ப்பெயரில் ஏரி நின்றது. சுற்றிலும் உள்ள நீர்நிலைப் பெயர்களும் இத்தகையனவே. ‘குண்ட’ என்பது குட்டை. ‘வாகு’ என்பது சிற்றோடை. இசகவாகு, நக்கவாகு என்னும் ஓடைகள் வழியாக இப்பகுதி நீர் மஞ்சீரா ஆற்றை அடைந்து, அங்கிருந்து கோதாவரிக்குச் செல்கிறது. வறண்ட நிலத்து வேளாண்மைக்கான பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் 1972இல் இதே பட்டான்செருவில்தான் அமைக்கப்பட்டது. நீரைச் சார்ந்து பெயர் பெற்ற ஊரில், பயிருக்கான ஆய்வு நடந்த ஊரில், சில ஆண்டுகளிலேயே கிணற்று நீர் நிறம் மாறத் தொடங்கியது.

இம்மாற்றத்தை முதலில் உணர்ந்தவர்கள் உழவர்களும் கால்நடை வளர்ப்போரும். அவர்களுடைய முறையீட்டை நோயறிக்கையின் மொழிக்கு மாற்றியவர்களுள் முதன்மையானவர் மருத்துவர் அல்லானி கிஷன் ராவ். பல பத்தாண்டுகள் பட்டான்செருவில் மருத்துவம் பார்த்த அவரை ஊடகங்கள் ‘பசுமை மருத்துவர்’ என்று குறிப்பிட்டன. தம்மிடம் வரும் நோயாளியின் உடலில் உள்ள கோளாறுக்கான காரணம் அவர் குடிக்கும் நீரில் இருக்கக்கூடும் என்றால், மருந்துச் சீட்டு எழுதுவதோடு மருத்துவரின் கடமை முடியுமா? கிஷன் ராவின் பொதுவாழ்வு முழுவதும் இக்கேள்விக்கான விடையாக அமைந்தது. சிற்றூர் மக்களைத் திரட்டுதல், மனு அளித்தல், நீதிமன்றத்துக்குச் சான்று சேர்த்தல், ஆய்வாளர்களுக்கு வழிகாட்டுதல் எனப் பல வகையில் அவர் இயங்கினார். ராஸ் கொசுவில் கண்ட உறவை இவர் ஓடையில் கண்டார் எனலாம். வேறுபாடு ஒன்றே. ராஸ் காலத்தில் நீர் நோய் தந்தது, மருந்து தீர்வு தந்தது. கிஷன் ராவ் காலத்தில் நீரைக் கெடுத்தவற்றுள் மருந்துத் தொழிலும் ஒன்று.

லாலாகுடாவை அடுத்துள்ள உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்த க. புருஷோத்தம ரெட்டியும் ஐதராபாத்தின் சுற்றுச்சூழல் இயக்கங்களுக்கு அறிவுத்துணையாக நின்றவர். மருத்துவரும் பேராசிரியரும் உழவரும் ஒரே பக்கம் நின்றது இவ்வியக்கத்தின் தனித்தன்மை.

1990ஆம் ஆண்டு இச்சிக்கல் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. சுற்றுச்சூழல் சட்ட நடவடிக்கைக்கான இந்திய மன்றம் தொடுத்த பொதுநல வழக்கு அது. மாசுற்ற சிற்றூர்களுக்குக் குடிநீர் வழங்குதல், நிலம் பாழான உழவர்க்கு இழப்பீடு, தொழிற்சாலைக் கழிவுக்குக் கட்டுப்பாடு ஆகியவை பற்றி நீதிமன்றம் அடுத்தடுத்து ஆணைகள் பிறப்பித்தது. 2001இல் வழக்கு ஆந்திர உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, பின்னர்த் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை அடைந்தது. 2017இல்தான் அது முடிவுக்கு வந்தது. வழக்குத் தொடுத்தபோது பிறந்த குழந்தைக்குத் தீர்ப்பின்போது வயது இருபத்தேழு. வழங்கப்பட்ட குடிநீரும் இழப்பீடும் சிறிய வெற்றிகள் அல்ல. ஆயினும் ஒரு தலைமுறை முழுவதும் அந்நீரோடு வாழ்ந்தது என்பதையும் இவ்வழக்கின் ஆண்டுக்கணக்கு சொல்கிறது.

இடைப்பட்ட காலத்தில் சிறிய ஆலைகள் தனித்தனியே கழிவைச் சுத்திகரிக்க இயலாது என்ற அடிப்படையில் பட்டான்செருவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டது. 2004இல் கிரீன்பீஸ் அமைப்பு மேதக் மாவட்டச் சிற்றூர்களின் உடல்நலம் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. மாசுற்ற ஊர்களையும் மாசில்லாத ஊர்களையும் ஒப்பிட்ட அவ்வறிக்கை, முன்னவற்றில் நோய்ச்சுமை மிகுதி என்றது. அதுவரை பேசப்பட்டவை பெரும்பாலும் கரைப்பான்கள், உலோகங்கள், உப்பு, துர்நாற்றம் ஆகியன. கழிவுநீரில் மருந்தே இருக்கிறதா என்று எவரும் முறையாக அளந்து பார்த்திருக்கவில்லை.

அதை அளந்தவர்கள் சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோவாகிம் லார்சனும் அவருடைய குழுவினரும். 2007இல் வெளியான அவர்களது ஆய்வுக்கட்டுரை, சுமார் 90 மூலமருந்து ஆலைகளின் கழிவைப் பெற்றுச் சுத்திகரித்து வெளியேற்றிய பட்டான்செரு நிலையத்தின் நீரை ஆராய்ந்தது. சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை அந்நீரில் இருந்தது. அம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் அளவை விட இது மிகுதி. ஒரு நாளில் வெளியேறிய அம்மருந்து சுமார் 44 கிலோ என்று குழு கணித்தது. அன்று 90 லட்சம் மக்கள் வாழ்ந்த சுவீடன் நாடு முழுவதும் ஐந்து நாள்களில் உட்கொள்ளும் அளவுக்கு அது சமம். சுத்திகரிப்புக்குப் பிறகு வெளிவந்த நீர் இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

2009இல் வெளியான மற்றோர் ஆய்வு அப்பகுதியின் ஏரிகளையும் சிற்றூர்க் கிணறுகளையும் ஆராய்ந்தது. சுத்திகரிப்பு நிலையத்தின் நீர் சென்று சேராத ஏரியிலும்கூடச் சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 6.5 மில்லிகிராம் வரை காணப்பட்டது. கழிவு வேறு வழிகளிலும் வெளியேறியது என்பதற்கு அதுவே சான்று. 2011இல் அதே ஆய்வாளர்கள் ஆற்றுப் படுகையின் வண்டலிலுள்ள மரபணுக்களை ஆராய்ந்து, மருந்தை எதிர்த்து நிற்கும் திறனைத் தரும் மரபணுக்கள் அங்கே மிகுந்திருப்பதைக் காட்டினர். ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2016இல் ஐதராபாத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் நீர் மாதிரிகளை எடுத்தனர். 2017இல் வெளியான அவர்களது கட்டுரையின்படி, ஃப்ளூகோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி ஓரிடத்தில் லிட்டருக்கு 236 மில்லிகிராமுக்கும் மேல் இருந்தது.

இவ்வெண்களின் பொருளை உணர ஓர் ஒப்பீடு போதும். நுண்ணுயிர்களிடையே எதிர்ப்புத்திறன் கொண்டவை மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பெருகாமலிருக்க, நீரில் சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று 2016இல் லார்சனும் பெங்சன்-பால்மேயும் கணித்தனர். 2007இல் அளக்கப்பட்ட கழிவுநீரில் இருந்தது அதைப் போல ஏறத்தாழ 4,80,000 மடங்கு. ஓடையில் கலந்து பல மடங்கு நீர்த்துப்போன பின்னும் அது வரம்புக்குள் வருவது அரிது.

மருந்து எதிர்ப்புத்திறன் என்பது ஆய்வகத்துச் சொல்லாகத் தோன்றலாம். வார்டில் அதன் பொருள் எளியது: நேற்று வரை வேலை செய்த மருந்து இன்று வேலை செய்யவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு 2010இல் லான்செட் குழும இதழில் வெளியான கட்டுரை, கடைசிக் கட்ட நுண்ணுயிர்க்கொல்லிகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்-1 நொதி சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களின் நோயாளிகளிடம் பரவியிருப்பதை உலகுக்கு அறிவித்தது. 2012இல் மருத்துவர் அப்துல் கஃபூரின் முன்னெடுப்பில் இந்திய மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடிச் ‘சென்னைப் பிரகடனம்’ என்னும் செயல்திட்டத்தை உருவாக்கின. 2019இல் மட்டும் எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியாக்களால் நேரடியாக நேர்ந்த இறப்புகள் உலக அளவில் 12.7 லட்சம் என்று பின்னர்க் கணக்கிடப்பட்டது. மருத்துவர்கள் அளவுக்கு மீறி எழுதித் தருவதும் நோயாளிகள் பாதியில் நிறுத்துவதும் இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படும். அது உண்மையே. ஆனால் ஆலைக் கழிவு என்னும் மூன்றாம் காரணம் நெடுங்காலம் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை.

லாலாகுடா இவ்வரலாற்றுள் மீண்டும் நுழைவது இங்கேதான். பட்டான்செரு நிலையத்தின் நீரை உள்ளூர் ஓடைகளில் விடக்கூடாது என்ற எதிர்ப்பின் விளைவாகச் சுமார் 18 கிலோமீட்டர் நீளக் குழாய் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் வழியாக அந்நீர் நகரக் கழிவுநீர்க் குழாயில் சேர்க்கப்பட்டு, மூசி ஆற்றங்கரையில் உள்ள அம்பர்பேட் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சென்றது. லாலாகுடாவிலிருந்து உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தைக் கடந்து தெற்கே சென்றால் அம்பர்பேட். நகரின் மேற்கே பிறந்த கழிவு நகரைக் கடந்து கிழக்கே வந்து சேர்ந்தது. நக்கவாகுக் கரையோர ஊர்களுக்கு இது ஆறுதல் தந்திருக்கலாம். ஆயினும் நகரக் கழிவுநீர் என்பது லட்சக்கணக்கான மனிதரின் குடலிலிருந்து வரும் பாக்டீரியாக்கள் நிறைந்தது. அதனோடு மருந்து எச்சத்தைக் கலப்பது, எதிர்ப்புத்திறன் உருவாவதைத் தடுக்க நினைப்போர் இறுதியாகச் செய்யவேண்டிய செயல். மூசி நீரில் புல்லும் நெல்லும் விளைகின்றன. இடம் மாற்றப்பட்ட மாசு தீர்க்கப்பட்ட மாசு ஆகாது.

இதே காலத்தில் உலகின் பிற பகுதிகளில் மருத்துவத்துறையைப் பசுமையாக்கும் இயக்கம் வேறொரு வழியில் வளர்ந்தது. மருத்துவக் கழிவை எரிக்கும் உலைகள் டையாக்சின் நஞ்சின் முதன்மை ஊற்றுக்கண்களுள் ஒன்று என்று 1990களின் நடுவில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை கண்டறிந்தது. அதைத் தொடர்ந்து 1996இல் ‘ஹெல்த் கேர் வித்அவுட் ஹார்ம்’ என்னும் கூட்டமைப்பு உருவானது. இந்தியாவில் 1998இல் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் வந்தன. 2016இல் அவை திருத்தி எழுதப்பட்டன. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என வார்டுகளில் இன்று காணப்படும் வண்ணப் பிரிவுகள் அவ்விதிகளின் பயன். பாதரச வெப்பமானிகளை நீக்கும் முயற்சியும் இதனோடு சேர்ந்தது. 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா ஒப்பந்தத்தை இந்தியா 2018இல் உறுதிசெய்தது.

இவை அனைத்தும் மருத்துவமனையின் பின்வாசல் வழியே வெளியேறுவனவற்றைப் பற்றியவை. முன்வாசல் வழியே உள்ளே வரும் மருந்தும் கருவியும் எங்கே, எவ்வாறு செய்யப்பட்டன என்ற கேள்வி பின்னரே எழுந்தது. தமிழ்நாட்டுக்கு அக்கேள்வி புதிதன்று. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து 1980களில் கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்த வெப்பமானி ஆலையில் காய்ச்சலை அளக்கும் கருவி உருவானது. 2001ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அவ்வாலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய பொருள் கிடங்கு ஒன்றில் குவிந்திருப்பதை ஊர்மக்களும் சூழல் ஆர்வலர்களும் வெளிப்படுத்தினர். ஆலை மூடப்பட்டது. 2003இல் கழிவின் ஒரு பகுதி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு கண்டது 2016இல்தான். உடலின் வெப்பத்தை அளந்த கருவி, அதைச் செய்தவர்களின் உடலுக்கு ஊறு செய்தது என்பதே தொழிலாளர்கள் பதினைந்தாண்டுகள் முன்வைத்த வாதம். பட்டான்செருவும் கொடைக்கானலும் ஒரே வரலாற்றின் இரு இயல்கள்.

2019இல் அக்கூட்டமைப்பு வெளியிட்ட கணக்கின்படி, உலகின் பசுமைக்குடில் வாயு வெளியீட்டில் மருத்துவத்துறையின் பங்கு 4.4 விழுக்காடு, அதில் 71 விழுக்காடு பொருள் வழங்கல் தொடரிலிருந்து வருகிறது. அதாவது மருத்துவமனையின் சூழல்சுமையில் பெரும்பகுதி மருத்துவமனைக்குள் இல்லை. கூரையில் சூரியத் தகடு பதிப்பதும் மின்விளக்கை மாற்றுவதும் நல்லவையே. ஆனால் அவை எஞ்சிய சிறுபகுதியைத் தொடுபவை. 2020இல் இங்கிலாந்தின் தேசிய நலச்சேவை, தன் நேரடி வெளியீட்டை 2040க்குள்ளும் வழங்கல் தொடரையும் சேர்த்து 2045க்குள்ளும் நிகர சுழியமாக்குவதாக அறிவித்தபோது, தனக்குப் பொருள் விற்போரையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது இதனால்தான்.

இந்தியாவில் சட்டம் ஓரடி முன்வைத்துப் பின்வாங்கியது. 2020ஆம் ஆண்டு சனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வரைவு விதி, மூலமருந்து ஆலைகளின் கழிவுநீரில் நூற்றுக்கும் மேற்பட்ட நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு எச்ச வரம்பு விதிக்க முனைந்தது. நடைமுறைக்கு வந்திருந்தால் உலகிலேயே முன்னோடியாக இருந்திருக்கும். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியான இறுதி விதியில் அவ்வரம்புகள் இல்லை. உற்பத்திச் செலவு கூடும், சிறிய ஆலைகள் தாங்கா, ஏழைக்கு மருந்து விலை ஏறும் என்பன இத்தகைய வரம்புகளுக்கு எதிராக வைக்கப்படும் வாதங்கள். இவற்றைப் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. மலிவான மருந்து என்பது 1959ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து தொடரும் சமூகநீதிக் கொள்கை.

ஆயின் மலிவு என்ற சொல்லை இங்கே ஆராய வேண்டும். ஒரு மாத்திரையின் விலையில் சேராத செலவு மறைந்துவிடுவதில்லை. அது காஜிபள்ளி ஏரிக்கரை உழவரின் கணக்கிலும், மருந்துக்கு அடங்காத தொற்றோடு படுத்திருக்கும் நோயாளியின் கணக்கிலும் எழுதப்படுகிறது. பின்னவர் பெரும்பாலும் ஏழையே. எந்த ஏழையின் பெயரால் வரம்பு மறுக்கப்படுகிறதோ, அந்த ஏழைக்கே மருந்து பயனற்றுப் போகும் என்றால் அம்மலிவுக்குப் பொருள் இல்லை. நாளொன்றுக்கு 44 கிலோ மருந்து சாக்கடைக்குப் போவது ஆலைக்கும் இழப்பே என்பதும் எண்ணத்தக்கது.

சட்டம் தயங்கிய இடத்தில் வாங்குவோர் முன்வந்த எடுத்துக்காட்டு நார்வே. அந்நாட்டு மருத்துவமனைகளின் கொள்முதல் அமைப்பு 2019இல் நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கான ஒப்பந்தப்புள்ளியில் சூழல் அளவுகோலுக்கு 30 விழுக்காடு மதிப்பெண் அளித்தது. விலை மட்டுமே வெற்றியைத் தீர்மானிக்கும் நிலை அதனால் மாறியது. தொழில்துறைக் கூட்டமைப்பு ஒன்றும் 2022இல் நுண்ணுயிர்க்கொல்லி உற்பத்திக்கான தரநிலையை வெளியிட்டது. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய ஆலைக் கழிவுக்கான முதல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பட்டான்செருவில் 2007இல் அளந்த எண்களிலிருந்து ஜெனீவாவின் நெறிமுறை வரை பதினேழு ஆண்டுகள். தொடக்கப்புள்ளி ஓர் ஊர் மருத்துவரும் அவ்வூர் மக்களும் எழுப்பிய குரல் என்பதை அந்நெறிமுறையின் வாசகர்கள் அறியாதிருக்கலாம். வரலாற்று மாணவர் அறிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துக் கொள்முதலை ஒருங்கிணைத்து, தரச்சோதனையையும் கிடங்கு முறையையும் ஒழுங்குபடுத்தியதன் மூலம் பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியானது. தரமும் விலையும் ஒருசேரக் காக்கப்படலாம் என்று காட்டிய அமைப்பு அது. ரயில்வே, ஈ.எஸ்.ஐ., படைத்துறை, மாநிலக் கழகங்கள் எனப் பொதுப்பணத்தில் மருந்து வாங்கும் அமைப்புகள் ஒவ்வொன்றும் ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரி சேர்க்கலாம்: ஆலையை விட்டு வெளியேறும் நீரில் எச்சம் எவ்வளவு? லாலாகுடாவில் எழுதப்படும் ஒரு மருந்துச் சீட்டுக்கு நக்கவாகு வரை நீளும் கை அப்போது கிடைக்கும்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்கு உறுப்புகளாகப் பகுக்கிறது. மருந்து மூலிகையாக வீட்டின் அருகிலேயே கிடைத்த காலத்தின் பகுப்பு அது. மருந்து ஆலையில் பிறக்கும் காலத்தில், அது பிறக்கும் ஊரையும் ஐந்தாவதாகக் கொள்வதே பொருந்தும். மொழித்துறையும் மருத்துவத்துறையும் வரலாற்றுத்துறையும் சேர்ந்து எழுதவேண்டிய வரலாறு இது. பட்டான்செருவின் மனுக்களும் வழக்குக் கட்டுகளும் தெலுங்கு நாளேடுகளின் பழைய தாள்களும் இன்னும் முழுமையாகத் தொகுக்கப்படவில்லை. கிணற்று நீர் நிறம் மாறியதைத் தம் கண்ணால் கண்ட தலைமுறை முதுமையடைந்து வருகிறது. அவர்கள் சொல்லக் கேட்டுப் பதிவுசெய்ய இன்னும் காலம் இருக்கிறது.